ப்ளாக் வேண்டுமா என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம். மழை விடவில்லை. விடுதியின் நான்கு அறைகளில் மூன்று காலி. கித்துல்கலவில் வேறு விசேஷம் இல்லை. இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் கேட்டாய். “அம்மா, நம்ம வெப்சைட்ட புதுசா செய்யப் போறேன். ப்ளாக் ஒன்னு வைக்கிறதா, வேணாமா? ஒரே சொல்லுல சொல்லுங்க.” யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் கிடக்கும் பிரம்பு நாற்காலிகளை மூன்று தடவை இடம் மாற்றினேன். கொடியில் கிடந்த படுக்கை விரிப்பை எடுத்து மடித்த பிறகுதான் அது ஈரம் என்று தெரிந்தது. உன் அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என்னா புள்ள, குட்டி போட எடம் தேடுற பூனை மாதிரி சுத்துற?” என்றார். ஒரே சொல்லில் சொல்லக்கூடிய விஷயமாக அது இருந்திருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பதினொரு வருஷம் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நின்று படிக்காதே, உட்கார்ந்து படி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நீ முதல் தடவை வெப்சைட் செய்தபோது நாம் இருவரும் கடைத்தெருவில் போனும் இன்டர்நெட்டும் வைத்திருக்கிற கம்யூனிகேஷன் கடையில் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தோம். திரையில் நம் வீடு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரப்பர் தோட்டத்து லய வரிசையின் ஒற்றை அறையில் பிறந்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியவள். என்னுடைய சமையலறை ஜன்னலை வெள்ளைக்காரன் அவனுடைய ஊரில் இருந்து பார்க்கப் போகிறான் என்றாய். அப்புறம் கீழே உன் அப்பாவின் பெயர் வந்தது. ‘நடத்துபவர்’ என்று போட்டு முழுப் பெயரையும் போட்டிருந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். “அதை எடுத்துரு தம்பி. இடத்துப் பேரு மட்டும் இருக்கட்டும். ஆறு, ரூம், சாப்பாடு, போன் நம்பர் போதும்.” நீ அழித்தாய். எங்கே என்ன வெடித்தாலும் மறுநாள் காலையில் பொலிஸ் வரும் என்று அடையாள அட்டைகளை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. தமிழ்ப் பெயரைப் பார்த்துத் தேடி வருகிறவர்களையும் அதே பெயரைப் பார்த்துத் தங்க வராதவர்களையும் ஒன்றாக நினைத்துப் பயந்தேன். உன் அப்பாவிடம் நீ அதைச் சொன்னபோது அவர், “அம்மா சொன்னா சரிதான்” என்றார். அன்று மாலை அவர் வழக்கமான இரண்டாவது தேத்தண்ணியைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன், கவனிக்காதது போல இருந்தேன்.

அன்றைக்கே நீ ப்ளாக்கைப் பற்றியும் சொன்னாய். டயரி மாதிரி, ஆனால் எல்லோரும் படிப்பார்கள் என்றாய். எல்லோரும் படிக்கிறதென்றால் அது எப்படி டயரி என்று கேட்டுச் சிரித்தேன். வேண்டாம் என்றேன். நீ ஏன் என்று கேட்டாய். எழுத ஆள் இல்லை என்றேன். அது பொய்யில்லை, ஆனால் அதுதான் காரணம் என்றும் இல்லை.

எழுத ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த வருஷமே பார்த்தோம். ஆற்றுக்கு மேல்பக்கம் புதிதாகத் திறந்த விடுதிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ‘எங்கள் செய்திகள்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். முதல் மாதம் பத்துச் செய்தி. இரண்டாவது மாதம் இரண்டு. அதற்குப் பிறகு ஒரு புத்தாண்டு வாழ்த்து. அந்த வாழ்த்து அடுத்த புத்தாண்டு வரைக்கும் அங்கேயே தொங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பதி நம் வராந்தாவில் உட்கார்ந்து சொன்னார்கள், மேலே இருக்கிற இடம் மூடிவிட்டது என்று நினைத்து இங்கே வந்தோம் என்று. மூடவில்லை, அன்றைக்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். பேசத் தொடங்கி நிறுத்திவிட்டால், ஆள் இல்லை என்றுதான் ஊர் நினைக்கும். இனிமேல் நீ எத்தனையோ கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பாய். ப்ளாக் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், எழுதப் போவது யார், அவருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேள். முதல் வாரத்து ஆசையைப் பார்த்து முடிவு செய்யாதே.

மாதிரிக்கு என்று நீ ஒரு கட்டுரை எழுதி அனுப்பினாயே, ‘கித்துல்கலவுக்கு வர ஐந்து காரணங்கள்’, அதையும் கடையில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதில் இருக்கிற ஆறு நம் ஆறு இல்லை தம்பி. எப்போதும் தெளிந்த நீர், எப்போதும் சிரிக்கும் மக்கள். அட்டை கடிப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இதை உன்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆற்றைப் பற்றி உண்மையைச் சொல்ல இந்த வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் வாயை நான்தான் அடைத்தேன். அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

இந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கிய நாளிலேயே உன் அப்பா வாசல் கேட்டில் ஒரு கரும்பலகை மாட்டினார். தினமும் காலையில் ஆற்றுக்கு இறங்கி, பாறையில் தண்ணீர் எது வரைக்கும் நிற்கிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று பார்ப்பார். மேலே மலையில் மழையா, பவர்ஹவுஸில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று ரோட்டில் வருகிறவர்களிடம் கேட்பார். பிறகு வந்து சிங்களத்தில் ஒரு வரியும் இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதுவார். இன்று குளிக்கலாம். இன்று கரையோரம் மட்டும். இன்று இறங்க வேண்டாம். அவ்வளவுதான். லொறிக்காரர்கள்கூட நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். மிச்ச இடத்தில் நீ வெண்கட்டியால் படம் வரைவாய். உனக்குப் பதினொரு வயது.

அந்த வருஷம் பௌர்ணமிப் போயா நாளோடு சேர்ந்து ஒரு நீண்ட லீவு வந்தது. கொழும்பிலிருந்து ஓர் ஆபீஸைச் சேர்ந்த பதினெட்டுப் பேர் ஒரு பகலுக்குக் குளிக்கவும் சாப்பிடவும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் தடவையாக வீடு நிறையப் போகிறது. விடிந்ததிலிருந்து நான் அடுப்படியில் நின்றேன். பருப்பு, பலாக்காய், கோழி, இரண்டு சம்பல். உன் அப்பா ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, முகம் சரியில்லாமல், “மேல ரெண்டு நாளா ஊத்தியிருக்கு. தண்ணி சிவப்பா வருது” என்று சொல்லிப் பலகையில் எழுதினார். ‘அத கங்கட்ட பஹின்ன எபா.’ இன்று ஆற்றில் இறங்க வேண்டாம். எழுதிவிட்டு மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்.

நான் கேட்டடியில் போய் நின்றேன். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஒரு வேன் நம் பலகையைப் படித்துவிட்டு, இறங்காமலே, பலகை இல்லாத அடுத்த இடத்துக்குப் போயிருந்தது. பதினெட்டுப் பேருடைய சோறு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. என் கையில் அடுப்புத் துணி ஈரமாக இருந்தது. நான் அழித்தேன், தம்பி. முழுவதும் அழித்தேன். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர்கள் வந்து இறங்கியதும் தேத்தண்ணி கொடுக்கும்போது இரண்டு பெண்களிடம் “பரிஸ்ஸமின்” என்றேன். கவனம் என்று சொன்னது அவ்வளவுதான். சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காகச் சொன்னது அது.

மிச்சம் உனக்குத் தெரியும். வந்தவர்களில் புதிதாகக் கல்யாணம் செய்திருந்த அந்தப் பையன் ஆற்றுத் திருப்பத்தில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர் ஒரு நிமிஷத்தில் கழுத்துக்கு வந்தது. கரையில் கூச்சல். கடைத்தெருவிலிருந்து திரும்பி வந்த உன் அப்பா மீன் பையை எறிந்துவிட்டுக் குதித்தார். பாறையில் மோதிக் கிடந்தவனின் சட்டையைப் பிடித்தார். பிழைத்தான். கால் இரண்டு இடத்தில் உடைந்தது. உன் அப்பாவின் வலது கை பாறைக்கும் அவனுக்கும் நடுவில் நசுங்கியது. இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் நேரே பலகையிடம்தான் போனார். அதில் எழுத்து இல்லை. ஒரு பஸ் படம் இருந்தது, சக்கரம் இன்னும் வரையாமல். வெறும் பலகையைக் கண்டு நீ சந்தோஷமாக வரைந்திருக்கிறாய். அவர் உன்னைக் கூப்பிட்டார்.

“நீதானே அழிச்ச?”

“இல்லப்பா. நான் வரும்போது வெறுமையாத்தான் இருந்திச்சு.”

“படம் போட எடம் வேணும்னு அழிச்சியா?”

“நான் அழிக்கலப்பா. சத்தியமா அழிக்கல.”

அவர் இடது கையால் அடித்தார். பழக்கமில்லாத கை. அடி உன் காதில் விழுந்தது. நான் கரண்டியோடு கதவில் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்தேன், தம்பி. திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? “விடுங்க. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சு.” உன்னைக் காப்பாற்றுவது போலச் சொன்னேன். பேசாமல் இருந்திருந்தால் வெறும் கோழை. பேசியதால் உன் மேல் முத்திரை குத்தியவள் ஆனேன். நீ அழுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நீ மறுத்துப் பேசவில்லை.

பலகை விறகுக் கொட்டகைக்குப் போனது. விரல் மடங்காததால் எழுதவில்லை என்று உன் அப்பா சொல்லிக்கொண்டார். நீ படம் வரைவதை விட்டாய். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், உனக்கு வயது வரட்டும் என்று நான் தள்ளினேன். ஒரு வருஷம் தள்ளிய பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று அதன் பிறகு நடந்தது. கம்யூனிகேஷன் கடையில் அன்றைக்கு ப்ளாக் என்று நீ சொன்னபோது சிரித்துக்கொண்டே சொன்னாயே: “சின்ன வயசுல பலகைய அழிச்சு அப்பா கையக் கெடுத்தவன் நான்தானே. அதுக்குத்தான் இப்ப அழியாத பலகை ஒன்னு செஞ்சு தர்றேன்.” நீ பொய்யாக ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. நம்பிவிட்டாய். உன் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு என் வார்த்தையை நம்பி, அழித்தது நீயேதான் என்று உனக்கு ஞாபகமே இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்று நான் சொன்னது அதற்காக. அந்தப் பக்கம் திறக்கிற ஒவ்வொரு நாளும் நீ செய்யாத தப்புக்கு நீ செய்கிற பரிகாரமாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு ஆக்க முடியாது.

நீ மறுபடியும் கேட்டதும் எனக்கு ஒளிய இடம் இல்லாமல் போனது. புதன்கிழமை மத்தியானம் உன் அப்பா பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். கை முழுக்கப் பால். பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஏங்க, அன்னைக்கு அந்தப் பலகைய அழிச்சது நான்” என்றேன். எந்தப் பலகை என்று அவர் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். எண்ணெய் தேய்த்துக் கையைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மழையில் ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனார். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒரு குடையை எடுத்துக்கொண்டு பாதி வழி போனேன். என்ன முகத்தோடு கொடுப்பது என்று திரும்பினேன்.

நனைந்து வந்து நின்றார். “அவன் ஏங்கிட்ட நேரா மொகம் பாத்துப் பேசி எத்தன வருஷம் தெரியுமா? நான் திமிருன்னு நெனச்சேன்” என்றார். வேறு ஒன்றும் என்னைக் கேட்கவில்லை. ஏன் அழித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாள் நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் வாயைத் திறந்தார்.

“அவன்கிட்ட சொன்னியா?”

“இல்ல. இன்னைக்குப் போன் எடுத்துச் சொல்றேன்.”

“போன்ல சொல்லாத. போன்ல சொன்னா ‘பரவால்லம்மா’ன்னு சொல்லி வச்சிருவான். அவன் அப்படிச் சொல்லக் கூடாது. எழுது.”

அதனால்தான் எழுதுகிறேன். பரவாயில்லை என்று நீ சொல்ல வேண்டாம். கோபம் வந்தால் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. எனக்கு அது வேண்டியதுதான். ஆனால் ஒன்றை மட்டும் உடனே எடுத்துக்கொள். நீ அழிக்கவில்லை. நீ வந்தபோது பலகை வெறுமையாகத்தான் இருந்தது. பதினொரு வயதில் நீ மூன்று தடவை சொன்னதும் உண்மை.

இனி ப்ளாக். எங்களுக்கு எதையோ செய்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறாய் என்பதற்காக என்றால், வேண்டாம். அந்தக் கடமை உனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. இதைப் படித்த பிறகும் தொழிலுக்கு அது நல்லது என்று உனக்குத் தோன்றினால் என் பதில் ஆமாம். ஆனால் ஐந்து காரணங்கள் வேண்டாம். தினமும் காலையில் ஆறு எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி. அப்பா பார்த்துச் சொல்வார், நான் எட்டு மணிக்குக் கம்யூனிகேஷன் கடைக்குப் போய்த் தட்டுவேன். பிள்ளைக்காம்பரா ரெஜிஸ்டரில் தினமும் எழுதியவள் நான், இதையும் எழுதுவேன். ஆள் வராத நாளிலும் எழுதுவோம். இறங்க வேண்டாம் என்று எழுத வேண்டிய நாளில் அதைத்தான் முதலில், பெரிய எழுத்தில். அதைப் படித்துவிட்டுச் சிலர் வரமாட்டார்கள். தெரிந்துதான் சொல்கிறேன். கெட்ட நாளிலும் எழுதத் தைரியம் இல்லாத கடைக்காரனுக்கு ப்ளாக் தேவையில்லை என்று உன்னிடம் வருகிறவர்களிடமும் சொல். எழுதுவதற்கு ஒரு பாஸ்வேர்ட் உண்டு என்றாயே, அதைக் கொடு. அழிப்பதற்கு வேறு இருந்தால் அதை என்னிடம் கொடுக்காதே. தப்பாகத் தட்டிவிட்டாலும் கீழே திருத்தி எழுதிக்கொள்கிறேன்.

அப்பாவின் பெயரையும் மறுபடி போடு. முழுப் பெயர். சண்டை முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். என் பயம் இன்னும் முடியவில்லை, அது என் பாடு. என் பயத்துக்காக இன்னொருவர் பெயரை எடுக்க எனக்கு உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று. இதை நான் தபாலில் போடவில்லை. நீ இருக்கிற இடத்துக்கே உன் அப்பாதான் கொண்டு வருகிறார். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன்னிடம் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்லவில்லை. நேற்றுச் சட்டையை அவரே தேய்த்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே ரோட்டில் நின்றுகொள்வாராம், நீ படித்து முடிக்கிற வரைக்கும் உள்ளே வரமாட்டாராம். காலையில் ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறுகிற மனுஷன்.

படித்து முடித்துவிட்டாய். போ, அப்பாவை உள்ளே கூப்பிடு.

அம்மா